அசாசின்ஸ் க்ரீட் முழுசா ஆடணுமா? ரிலீஸ் வரிசை, வரலாற்று வரிசை, கட்டம் கட்டமா ஆடுறது: எது ஒத்து வரும்

அசாசின்ஸ் க்ரீட் சீரிஸை மொத்தமா ஒரு தடவ ஆடி முடிச்சிடணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல் நாளே முட்டிக்கிற கேள்வி ஒண்ணுதான், எதுல ஆரம்பிக்கிறது. 2007ல வந்த முதல் கேம்ல இருந்து 2025 மார்ச்ல வந்த ஷேடோஸ் வரைக்கும் மெயின் கேம் மட்டும் எண்ணினாலே 14 வருது, லிபரேஷன், ஃப்ரீடம் க்ரை, க்ரானிகிள்ஸ்னு சைடுல வந்ததெல்லாம் இதுல சேக்கல. கதை நடக்குற காலம் வேற கிமு 431, கிபி 1191, 1715, 1579ன்னு இஷ்டத்துக்கு முன்ன பின்ன குதிக்கும், கேம் வந்த வரிசைக்கும் கதை நடக்குற வரிசைக்கும் சம்பந்தமே கிடையாது.

இத நான் இப்ப எழுத காரணம் என் சித்தி பையன். பெங்களூர் மாரத்தஹள்ளில ஒரு பிஜில இருக்கான், மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்ல ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) பேரம் பேசி வாங்கிட்டு வந்து, "அண்ணா எல்லா பார்ட்டும் ஆடணும், ஆர்டர் சொல்லுங்க"ன்னு ஒரு வரில கேட்டுட்டான். ஒரு வரில பதில் சொல்ற விஷயமா இது? அவனுக்கு கிடைக்கிற நேரம் என்னன்னு எனக்கு தெரியும், அவுட்டர் ரிங் ரோட்டுல ஊர்ந்து வந்து, மெஸ்ல சாப்பிட்டு, பாத்திரத்த கழுவி வெச்சிட்டு உக்காந்தா மணி ஒன்பதரை ஆயிருக்கும், நடுவுல ஆன்சைட் கால் வரும், ரூம்மேட் லைட்ட அணைடான்னு சொல்லுவான். இந்த மாதிரி ஆளுக்கு எந்த வரிசை சரின்னுதான் இங்க பாக்குறேன், லீவு போட்டு நாள் பூரா ஆடுறவங்க கணக்கு வேற.

முதல்ல வரலாற்று வரிசைய எடுத்துக்குவோம், ஏன்னா வரலாறு பிடிச்சவங்க எல்லாம் இதுலதான் விழுவாங்க. கேக்க ரொம்ப அழகா இருக்கும். ஒடிசில கிமு 431 கிரேக்கம், பெலொபொனீசியப் போர். அப்புறம் ஆரிஜின்ஸ்ல கிளியோபாட்ரா காலத்து எகிப்து, கிமு 49. அப்புறம் மிராஜ்ல ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத், வல்ஹல்லால வைக்கிங் ஆளுங்க இங்கிலாந்துக்குள்ள நுழையுறது, அதுக்கப்புறம் 1191ல மூணாம் சிலுவைப் போர், எட்ஸியோங்கிற ஹீரோவோட இத்தாலி, ஷேடோஸ்ல 1579 ஜப்பான், கரீபியன் கடல் கொள்ளைக்காரங்க, அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, கடைசியா சிண்டிகேட்ல 1868 லண்டன். பேப்பர்ல எழுதி பாத்தா ஸ்கூல் வரலாறு புக்க விட நல்லா இருக்கும்.

ஆனா ஆட உக்காந்தா சிக்கல் முதல் கேம்லயே வந்துடும். ஒடிசில அசாசின்னு, அதாவது அந்த ரகசியக் கொலைகாரக் கூட்டத்து ஆளுன்னு, ஒருத்தரும் கிடையாது. அந்த இயக்கமே ஆரிஜின்ஸ்லதான் உருவாகுது, ஒடிசி அதுக்கு கிட்டத்தட்ட 400 வருஷம் முன்னாடி. இந்த சீரிஸோட அடையாளமே கைக்குள்ள ஒளிஞ்சிருக்குற அந்த கத்திதான், ஒடிசில அதுவும் இல்ல, ஸ்பார்டா ராஜா லியோனிடாஸோட உடைஞ்ச ஈட்டி முனைதான் இருக்கு. ஒடிசி நல்ல கேம்தான், கசாண்ட்ராங்கிற ஹீரோயின எடுத்து ஆடுங்க, சூப்பரா இருக்கும், ஆனா சீரிஸ்னா என்னன்னு தெரியாத ஒருத்தனுக்கு இத முதல்ல குடுத்தா எதுக்கு இதுக்கு இந்த பேருன்னுதான் கேப்பான். அதுவும் கதை மட்டும் ஆடினாலே சுமாரா 45 மணி நேரம், சைடு வேலை எல்லாம் பாத்தா 100ஐ தாண்டி எங்கயோ போகும். தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறவன் முதல் கேம்லயே தீபாவளிய பாத்துடுவான்.

ரெண்டாவது சிக்கல் விரல்ல இருக்கு. பழைய கேம்கள்ல கண்ட்ரோல் ஒரு பொம்மலாட்ட யோசனைல பண்ணது, முக்கோண பட்டன் தலைக்கு, சதுரம் ஆயுதம் பிடிச்ச கைக்கு, வட்டம் வெறும் கைக்கு, எக்ஸ் காலுக்கு. ரெண்டாவது கேம்ல எட்ஸியோ பொறக்குற காட்சில கைக்குழந்தைய வெச்சு இத சொல்லிக் குடுப்பாங்க, ஒவ்வொரு பட்டனா அமுக்க அமுக்க அந்தக் குழந்தை காலை உதைக்கும், கைய ஆட்டும், இந்த சீரிஸ்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச டுடோரியல் அதுதான். ஆர்1 அமுக்கிப் பிடிச்சா வேகமா ஓடுறது, ஏறுறது. 2017ல ஆரிஜின்ஸ் வந்தப்ப இத மொத்தமா தூக்கிட்டு ஆர்1ல லேசான அடி, ஆர்2ல பலமான அடின்னு மாத்திட்டாங்க. வரலாற்று வரிசைல ஆடினா ஒடிசி, ஆரிஜின்ஸ், மிராஜ், வல்ஹல்லான்னு சுமாரா 150 மணி நேரம் புதுசுல பழகிட்டு, உடனே அடுத்ததா 2007 கேம் கைல வரும், ஏசி வோல்வோல வந்து இறங்கி அப்படியே டவுன் பஸ் ஃபுட்போர்டுல தொங்குற மாதிரிதான். ஆர்1 அடிச்சா கத்தி வீசாது, அந்த கேம் ஹீரோ அல்டேர் ஒரு சுவத்துல ஏறி நிப்பான், கீழ காவல்காரன் விசில் அடிப்பான்.

மூணாவது, இது நிறைய பேருக்கு தெரியாம போற விஷயம், வரலாறு இந்த சீரிஸோட மேல் தோல் மட்டும்தான். உள்ள ஓடுறது இன்னைக்கு காலத்து கதை. அப்ஸ்டெர்கோன்னு ஒரு கம்பெனி, டெஸ்மண்ட்னு ஒரு பையன புடிச்சு வெச்சு அனிமஸ்ங்கிற மெஷின்ல படுக்க வெச்சு அவன் மூதாதையர் நினைவ நோண்டுது. அந்தக் கதை 2007 கேம்ல ஆரம்பிச்சு 2012ல வந்த மூணாவது பார்ட்டு வரைக்கும் நேரா போகும். ஆரிஜின்ஸ்ல இருந்து லைலான்னு வேற ஒரு பொண்ணு கதை, அது வல்ஹல்லால முடியும், முடியும்போது பழைய டெஸ்மண்ட் கதையோட போய் ஒட்டும். வரலாற்று வரிசைல போனா லைலாவோட முடிவ பாத்துட்டு அப்புறம் டெஸ்மண்டோட ஆரம்பத்துக்கு வருவீங்க. மிராஜும் அப்படித்தான், அதோட ஹீரோ பாசிம் யாருன்னு வல்ஹல்லால தெரிஞ்சதுக்கு அப்புறம் மிராஜ் ஆடினாதான் அந்தப் பையன் ராத்திரி கெட்ட கனவு கண்டு எந்திரிக்கிறதுக்கு அர்த்தமே புரியும், தேதிப்படி மிராஜ் முன்னாடி வருதுன்னு அத முதல்ல ஆடினா அந்த குளிர் இருக்காது.

அதனால வரலாற்று வரிசை ஏற்கனவே எல்லாம் ஆடி முடிச்சு ரெண்டாவது ரவுண்டு போறவங்களுக்கு மட்டும். இல்லன்னா வரலாறுதான் முக்கியம் சண்டையே வேணாம்னா ஆரிஜின்ஸ், ஒடிசி, வல்ஹல்லா மூணுக்கும் டிஸ்கவரி டூர்னு தனியா இருக்கு, ஒரு அடிதடி இல்லாம பிரமிடு, ஏதென்ஸ் எல்லாம் சுத்தி பாக்கலாம், எங்க அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா, மம்மி எப்படி செய்வாங்கன்னு அதுலதான் பாத்தா, பாத்துட்டு சாப்பிட மாட்டேன்னுட்டா, அது வேற கதை.

சரி, ரிலீஸ் வரிசை. எல்லாரும் சொல்ற பதில் இதுதான், நியாயமும் இருக்கு. கண்ட்ரோல் மெதுவா வளரும், கதை நேரா வரும், ஒவ்வொரு கேம்லயும் புதுசா என்ன சேத்தாங்கன்னு நமக்கே தெரியும். முதல் கேம்ல தண்ணில விழுந்தா செத்துடுவோம், ரெண்டாவதுல எட்ஸியோ நீச்சல் அடிப்பான், அந்த ஒரு சந்தோஷம் முதல் கேம ஆடினவனுக்குதான் கிடைக்கும். அப்புறம் பிரதர்ஹுட்ல நமக்குன்னு ஆளுங்கள சேத்து கூப்பிட்டு கொலை பண்ண அனுப்பலாம், மூணுல மரத்து மேல ஓடலாம், பிளாக் ஃபிளாக்ல கப்பலே நம்மளுது.

ஆனா பிஎஸ்4 வெச்சிருக்கவனுக்கு ரிலீஸ் வரிசைல தலையே கிடையாது. முதல் கேம் பிஎஸ்4க்கு வரவே இல்ல, ரீமாஸ்டரும் (பழச மெருகேத்தி புது மெஷினுக்கு விடுறது) பண்ணல. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ், பிசி, அவ்வளவுதான். பிசில ஆடலாம்னாலும் ஒரு பெரிய தொல்லை இருக்கு, அந்த கேம்ல சப்டைட்டில் கிடையாது. ஆமா, சத்தியமா கிடையாது. அசாசின் தலைவர் அல் முவாலிம் அஞ்சு நிமிஷம் தத்துவம் பேசுவாரு, கொல்லப்பட்ட ஒவ்வொருத்தனும் சாகும்போது ஒரு பக்கம் வசனம் பேசிட்டு சாவான், அதுதான் அந்த கேமோட உயிரே, அத பாதி ராத்திரி பிஜில வால்யூம் கம்மி பண்ணி வெச்சு இங்கிலீஷ காதால மட்டும் கேட்டு புரிஞ்சுக்கணும். நல்ல ஹெட்போன் இல்லன்னா வேணாம்.

முதல் கேம் மோசம்னு சொல்லல. மொத்தம் ஒன்பது பேர கொல்லணும், ஒவ்வொருத்தனுக்கும் முன்னாடி ஊருக்குள்ள போய் ஒட்டுக் கேக்கணும், பாக்கெட் அடிக்கணும், ஒருத்தன சந்துல தள்ளி அடிச்சு விசாரிக்கணும், அப்புறம்தான் கொலைக்கு அனுமதி. டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் மூணு ஊரும் மூணு கலர்ல இருக்கும், ஏக்கர்ல அந்த நீலமும் சாம்பலுமா போர் முடிஞ்ச பிண வாடை அடிக்கிற மாதிரி ஒரு மூட் இருக்கு பாருங்க, இன்னைக்கு வர 100 ஜிபி கேம்லயும் எனக்கு அது கிடைக்கல. ஆனா மூணாவது ஆளுக்கு மேல அதே வேலைதான் திரும்ப திரும்ப. இதுல ஊர் பூரா 420 கொடி ஒளிச்சு வெச்சிருக்காங்க, எல்லாத்தையும் பொறுக்கினாலும் கதைல உருப்படியா ஒண்ணும் கிடைக்காது, தயவு செஞ்சு தொடாதீங்க. பிசி இருந்தா ஆடுங்க, பிஎஸ்4 மட்டும்தான்னா யூட்யூப்ல ஒரு கதை சுருக்கம் பாத்துட்டு ரெண்டாவதுக்கு போயிடுங்க, ஏன்னா ரெண்டாவது கேம் முதல் கேம் முடிஞ்ச அதே நிமிஷத்துல ஆரம்பிக்கும், ஒண்ணும் தெரியாம போனா முதல் பத்து நிமிஷம் முழிப்பீங்க.

ரிலீஸ் வரிசையோட இன்னொரு பிரச்சனை சலிப்பு. 2009ல இருந்து 2015 வரைக்கும் வருஷம் தவறாம ஒண்ணு விட்டாங்க, 2014ல ஒரே நாள்ல ரெண்டு, யூனிட்டியும் ரோகும். அப்ப ஆடினவங்களுக்கு நடுவுல ஒரு வருஷம் இடைவெளி இருந்துச்சு, இப்ப நாம ஒண்ணு முடிச்ச மறுநாளே அடுத்தத போட்டா அதே கோபுரத்துல ஏறி அதே வைக்கோல்ல குதிக்கிறது நாலாவது கேம்லயே கசந்துடும். முழுசா ஆடுறேன்னு ஆரம்பிச்ச என் ஃப்ரெண்ட்ஸ்ல முக்கால்வாசி பேர் ரெவலேஷன்ஸ்லயோ மூணுலயோதான் நின்னாங்க. ரெவலேஷன்ஸ்ல அந்த கோபுரத்த காப்பாத்துற குட்டி விளையாட்டு ஒண்ணு வரும், அத டிசைன் பண்ணவங்க அத ஒரு தடவயாவது உக்காந்து ஆடினாங்களான்னு எனக்கு இன்னமும் சந்தேகம்.

அப்ப பொறுக்கி எடுத்து ஆடுறது? பிளாக் ஃபிளாக் நல்லா இருக்குன்னாங்க, அது ஒண்ணு, வல்ஹல்லா ஆஃபர்ல வந்துச்சு, அது ஒண்ணு, இப்படி ஆடுறவங்கதான் ஜாஸ்தி. ஒரே ஒரு கேம்தான் ஆட போறீங்கன்னா இது போதும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா என் தம்பி கேட்டது சீரிஸ். பொறுக்கி ஆடினா கதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாது, குறிப்பா மூணுக்கு முன்னாடி பிளாக் ஃபிளாக் ஆடிட்டா, அதோட ஹீரோவோட கென்வேங்கிற குடும்பப் பேர் முதல்லயே தெரிஞ்சு போய், மூணாவது பார்ட்டோட ஆரம்பத்துல ஹேதம் கென்வேய வெச்சு பண்ற வேலை பாதி வீணாயிடும். அந்த முதல் சில மணி நேரம் என்ன பண்றாங்கன்னு இங்க சொல்ல மாட்டேன், தெரியாம போறவங்க குடுத்து வெச்சவங்க.

எனக்கு சரின்னு படுறது ரிலீஸ் வரிசைதான், ஆனா கட்டம் கட்டமா உடைச்சு. எந்த இடத்துல நிறுத்தினாலும் ஒரு ஆளோட கதை முழுசா முடிஞ்சிருக்கணும், அதுதான் என் கணக்கு. ஏன்னா நாம நிச்சயம் நடுவுல நிறுத்துவோம், ரிலீஸ் டேட்டுன்னு ஆபீஸ்ல ரெண்டு மாசம் உயிர எடுப்பாங்க, கல்யாணம் வரும், ஊருக்கு போயிடுவோம். திரும்பி வரும்போது பாதில விட்ட கேம எடுத்தா பட்டனும் மறந்திருக்கும் கதையும் மறந்திருக்கும், அப்படியே அன்இன்ஸ்டால்தான்.

முதல் கட்டம் எட்ஸியோ. பிஎஸ்4ல எட்ஸியோ கலெக்ஷன்னு 2016ல வந்துச்சு, ரெண்டு, பிரதர்ஹுட், ரெவலேஷன்ஸ் மூணும் ஒண்ணா, ரெண்டாவது கேம்ல அப்ப தனியா காசுக்கு வித்த ரெண்டு அத்தியாயமும் உள்ளயே இருக்கும். ஃப்ளோரன்ஸ்ல பால்கனி ஏறி குதிச்சு பொண்ணுங்க பின்னாடி சுத்துற பையன் 1511ல கான்ஸ்டான்டிநோபிள்ல தாடி நரைச்சு போய் நிக்கிற வரைக்கும் ஒரே ஆள், ஒரே வாழ்க்கை. இந்த சீரிஸ்ல ஒரு மனுஷனோட மொத்த ஆயுசையும் காட்டினது இங்க மட்டும்தான், லியனார்டோ டாவின்சி ஒரு ஃப்ரெண்டா வந்து கத்திய ரிப்பேர் பண்ணித் தரதும், பாஸி குடும்பத்து சதி 1478ல சர்ச்சுக்குள்ளயே வெடிக்கிறதும் எல்லாம் வரலாற்றுப் பாடமா இல்லாம எட்ஸியோவோட சொந்த வீட்டு பிரச்சனையா வரும். இதோட நிறுத்தினாலும் காசு வசூல். ரெண்டுல 100 இறகு பொறுக்குறது இருக்கு, அது அவன் தம்பிக்காக, அம்மாவுக்காகன்னு கதைல ஒரு காரணம் இருக்கு, இருந்தாலும் முடிஞ்சா பாருங்க, இல்லன்னா விடுங்க.

ரெண்டாவது கட்டம் கென்வே குடும்பம். மூணு ரீமாஸ்டர்ட், பிளாக் ஃபிளாக், ரோக், இந்த வரிசைலயே. மூணாவது பார்ட் கொஞ்சம் இழுவை, ஹீரோ கானர் சிரிக்கவே மாட்டான், ஆனா டெஸ்மண்ட் கதை அங்கதான் முடியுது, அதுக்காகவாவது கதைய மட்டும் நேரா ஓட்டிடுங்க. பிளாக் ஃபிளாக் இதுக்கெல்லாம் சேத்து கணக்கு தீத்துடும், 1715 கரீபியன், ஜாக்டாங்கிற கப்பல், கப்பல்ல ஆளுங்க பாட்டு பாடிக்கிட்டே வருவாங்க, மழைல அலை ஏறி இறங்குறப்ப அடுத்த மிஷன் எங்கன்னே மறந்துடும். கொசுறா ஒரு விஷயம், அதுல இன்னைக்கு காலத்து பகுதில நாம அப்ஸ்டெர்கோவோட கேம் கம்பெனில புதுசா சேந்த ஊழியர், க்யூபிக்கிள்ல உக்காந்து வேலை பாக்கணும், மேனேஜர் வந்து பாராட்டிட்டு இன்னும் கொஞ்சம் வேலை குடுப்பாங்க. நாள் பூரா பெல்லந்தூர்ல இதத்தான பண்ணிட்டு வரோம், இங்கயுமான்னு இருக்கும். ரோக் சின்ன கேம், பத்து மணி நேரத்த கொஞ்சம் தாண்டும், ஒரு அசாசின் எதிர் பக்கம் போறான், அதோட கடைசி காட்சி யூனிட்டியோட முதல் காட்சிய தொடும்.

யூனிட்டியும் சிண்டிகேட்டும் தனித்தனி தீவு. யூனிட்டி 2014ல வந்தப்ப முகமே இல்லாம கண்ணும் பல்லும் மட்டும் தெரியுற பக்கெல்லாம் ஊரே சிரிச்சுச்சு, இப்ப அதெல்லாம் பேட்ச்ல சரி, பாரிஸ் நாட்ரடாம் மேல ஏறி மறுபக்கம் இறங்குறது இன்னைக்கும் இந்த சீரிஸ்லயே சிறந்த பார்க்கூர் (சுவர் ஏறி கூரை தாவி ஓடுறது). 2019ல அந்த சர்ச்சு தீப்பிடிச்சப்ப இந்த சீரிஸ பண்ற யுபிசாஃப்ட் பிசில இத ஒரு வாரம் ஃப்ரீயா குடுத்துச்சு, அப்ப எடுத்து வெச்சிட்டு இன்னும் தொடாதவங்க நிறைய பேர் இருப்பீங்க. சிண்டிகேட் ஜாலியா போகும், கயிறு துப்பாக்கி இருக்கு, பிடிக்கலன்னா விட்டுடலாம், கதைல எதுவும் அறுந்துடாது.

மூணாவது கட்டம்தான் யோசிக்க வேண்டியது, ஆரிஜின்ஸ், ஒடிசி, வல்ஹல்லா. மூணும் லெவல் ஏத்துற ஆர்பிஜி, நாம லெவல் 12ல இருந்து எதிரி 17ல இருந்தா தூங்குறவன் கழுத்துல கத்திய வெச்சாலும் சாக மாட்டான். பழைய ஆளுங்களுக்கு கடுப்பாகும். முதல்ல ஆரிஜின்ஸ் மட்டும் வாங்குங்க, சுமாரா 30 மணி நேரம், ஹீரோ பயேக்கோட துக்கமும் அவன் மனைவி ஆயாவும் அந்த பாலைவனமும் அதுக்கு தாங்கும். ஒடிசியையும் வல்ஹல்லாவையும் முதுகோட முதுகா ஆடவே ஆடாதீங்க, நடுவுல வேற எதாவது போடுங்க, ஒரு கிரிக்கெட் கேம்கூட ஓகே. வல்ஹல்லா கதை மட்டுமே 60 மணி நேரம் போகும், ஒரே ஒரு நல்ல குணம், ஒவ்வொரு ஊரும் தனி கதை, அதனால வாரக் கடைசில ஒரு ஊர்னு முடிக்கலாம்.

வாங்குறது பத்தி கொஞ்சம். பிஎஸ்4ன்னா டிஸ்க்தான் புத்திசாலித்தனம், ஒரு கட்டம் முடிஞ்சா அந்த டிஸ்க்க குடுத்துட்டு அடுத்த கட்டத்துக்கு மாத்திக்கலாம், டிஸ்க்க வெளிச்சத்துல திருப்பி கீறல் பாத்துட்டு வாங்குங்க, கடைலயே ஒரு தடவ போட்டு காட்ட சொல்லுங்க. மூணு ரீமாஸ்டர்ட தனியா வாங்குறதுக்கு முன்னாடி ஒடிசி சீசன் பாஸ் (கூடுதல் பகுதிகள மொத்தமா விக்கிறது) ஆஃபர்ல இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, அதுக்குள்ளயே அதுவும் லிபரேஷனும் வரும். பிசின்னா சேல் வரைக்கும் பொறுங்க, வருஷத்துல பல தடவ விலை அடிமாட்டுக்கு வரும், ஆனா புது கேம் எல்லாம் பிஜி வைஃபைல இறக்குறது சாமானியம் இல்ல, ஷேடோஸ் மட்டுமே 100 ஜிபிக்கு மேல, ஓனர் அக்கா ரவுட்டர புடுங்கிடுவாங்க. பிரதர்ஹுட், ரெவலேஷன்ஸ், மூணு மாதிரி பழசோட மல்டிபிளேயர் சர்வர 2022ல மூடிட்டாங்க, அதுக்கான டிராஃபிய (கேம்ல கிடைக்கிற பரிசு முத்திரை) எதிர்பாத்து வாங்காதீங்க.

நம்ம நாட்டு கதை எங்கன்னு கேப்பீங்க, க்ரானிகிள்ஸ் இந்தியான்னு ஒண்ணு இருக்கு, 1841, சீக்கிய சாம்ராஜ்யம், கோஹினூர், பக்கவாட்டுல ஓடுற சின்ன கேம். ஓவியம் மாதிரி அழகா இருக்கும், அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஒரு பெரிய கேம் இங்க வெச்சு பண்ணியிருக்கலாம், பண்ணல.

தம்பிக்கு நான் சொன்னது, எட்ஸியோ கலெக்ஷன் டிஸ்க் மட்டும் இப்ப வாங்குடா, மீதி காச பத்திரமா வை. ஆரிஜின்ஸ் வரைக்கும் வந்துட்டு மேப்புல சைடு இடங்களுக்கு போட்டிருக்குற கேள்விக்குறி எல்லாத்தையும் யாரும் சொல்லாம நீயா தேடிப் போய் முடிச்சேன்னா ஒடிசி வாங்கு, அத பாத்தாலே எரிச்சல் வந்துச்சுன்னா ஒடிசிய விட்டுட்டு வல்ஹல்லா கதைய சுருக்கமா பாத்துட்டு நேரா மிராஜ் போ, பழைய ஸ்டைல்ல சின்னதா முடிஞ்சிடும், ஆடியோவ அரபில மாத்திட்டு ஆடு. ஷேடோஸ் பிஎஸ்4ல ஓடாது, அதுக்கு பிஎஸ்5 வேணும், அப்ரைசல் வந்ததும் பாத்துக்கலாம்.